விழுங்கானுக்குப் பசிக்கும் திங்கட்கிழமை

மாலை நாலு பத்துக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டிருந்தோம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அவரவர் வீட்டு ஆள் வந்து கையைப் பிடிக்கும்வரை விடக்கூடாது என்பது எங்கள் தலைமை ஆசிரியை போட்ட சட்டம். சட்டம் போட்டவர் மூன்றே முக்காலுக்குக் கிளம்பிவிடுவார். வாசலில் நிற்பது நான்.

"டீச்சர், அங்க பாருங்க. காவியாவோட வண்டி தானா வருது" என்றாள் மகிஷா.

காவியாவின் அப்பா ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தார். மஞ்சள் சட்டை, நல்ல தொப்பை. கண்ணுக்குத் தப்புகிற உருவம் இல்லை.

"தானா எங்கடி வருது? அவங்கப்பா ஓட்டிட்டு வர்றாரு."

மகிஷா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பெரியவர்கள் விளையாட்டுக்குப் பொய் சொல்லும்போது பிள்ளைகள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. காவியா ஓடிப்போய்ப் பின்சீட்டில் ஏறினாள், வண்டி திரும்பிப் போயிற்று. மகிஷா என் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓட்டறதுக்கு ஆளே இல்லையே டீச்சர். கீழ விழுந்துருவாளா?"

எந்தக் காலம் வந்தாலும் திருப்பூர்ச் சந்துகளில் ஸ்கூட்டர் தானாக ஓடாது. ஆறு வயதுப் பிள்ளையின் கற்பனை என்று தலையில் தட்டி அனுப்பிவைத்தேன். அதை நினைத்தால் என் மேல் எனக்கே இன்னும் ஆத்திரமாக வருகிறது.

என் பெயர் திலகவதி. இருபத்தேழு வருடமாக ஒன்றாம் வகுப்பு. அ, அம்மா, ஆ, ஆடு என்று கத்திக் கத்தி என் தொண்டை தகரமாகிவிட்டது. பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிக்க மார்ச் ஆகும். சில பிள்ளைகளுக்கு அடுத்த மார்ச். அதனால், சென்னையிலிருந்து ஓர் அறக்கட்டளைக்காரர்கள் இருபத்துநாலு கண்ணாடிகளைக் கொண்டுவந்து இறக்கியபோது, "இது என்ன புதுக் கூத்து" என்றுதான் முதலில் சொன்னேன்.

கூத்து இல்லை. கதை. கண்ணாடியை மாட்டிக்கொண்டால் காதோரத்தில் ஒரு குரல் கதை சொல்லும்.

ஊருக்கு அடியில் விழுங்கான் இருந்தான். அவனுக்குப் பல் இல்லை. கண் இல்லை. பசி மட்டும் இருந்தது. பேர் எழுதி வைத்த எதையும் அவன் தொடமாட்டான். பேர் எழுதாததை ஒரே வாயில் விழுங்குவான். யாருக்கும் வலிக்காது.

இவ்வளவுதான் முதல் பாடம். மற்றதைப் பிள்ளைகளே பார்த்துக்கொண்டார்கள். நாற்காலி, காக்கா, குழாய், கரும்பலகை என்று கதையில் ஒவ்வொன்றாகச் சொல் வரும். திங்கட்கிழமை காலையில் விழுங்கானுக்குப் பசிக்கும். அதுவரை படித்த சொற்களையெல்லாம் பிள்ளை மின்பலகையில் எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்ட பொருள் கண்ணாடி வழியாகப் பார்த்தால் மெல்லக் கலங்கி, காணாமல் போய்விடும். பொருள் இருக்கும் இடத்தில் பின்னால் இருக்கும் சுவர்தான் தெரியும். எழுதியதும் 'ஏவ்' என்று ஒரு ஏப்பச் சத்தம் கேட்டு, பொருள் திரும்பி வரும்.

முகிலன் என்ற பையனுக்கு அவன் வீட்டு வெள்ளாடு காணாமல் போய்விட்டது. அழுதுகொண்டே வந்து பத்தே நிமிடத்தில் 'வெள்ளாடு' என்று பிழையில்லாமல் எழுதினான். நான் ஒரு மாதம் தொண்டை வற்றக் கத்தினாலும் அவனிடம் அந்தச் சொல்லை வாங்கியிருக்க முடியாது. ஆகஸ்டு முடிவதற்குள் பதினெட்டுப் பிள்ளைகள் கதைப்புத்தகத்தைத் தாங்களாகவே வாசித்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதேன்.

ஒரு நாள் மதியம், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிடப் போன கோகுல், குப்பைத் தொட்டியில் மோதி விழுந்து நெற்றியை உடைத்துக்கொண்டான். "அங்க தொட்டியே இல்லையே டீச்சர்" என்று தேம்பினான். மருந்து போட்டேன். அடுத்த திங்கள் 'தொட்டி' எழுதிவிட்டான், சரியாகிவிட்டது. நானும் மறந்துவிட்டேன்.

இதில் நான் செய்த காரியம் ஒன்று உண்டு.

கதையில் மூன்றாவது பாடம் வீட்டில் இருப்பவர்கள். வீட்டு ஆள் ஒவ்வொருவரின் பேரையும் தாய்மார்கள் வாயால் சொல்லிப் பதிய வேண்டும், பேரோடு படத்தையும் சேர்க்க வேண்டும் என்று அறக்கட்டளையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஜூன் மாதம் தாய்மார்களை வரிசையில் உட்கார வைத்தேன். மகிஷாவின் அம்மா பூங்கொடி ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவர். தன் பேரைச் சொன்னார், மகள் பேரைச் சொன்னார், அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

"வூட்டுக்காரரு பேரு?"

"அதைய நான் வாயால சொல்றதில்லீங் டீச்சர்."

"இந்தக் காலத்துல என்னம்மா இது?"

"அப்படியே பழகிருச்சுங். நீங்களே ரிஜிஸ்டர்ல பாத்துப் போட்டுக்கங்."

வரிசையில் பாதிப் பேர் இதே பாட்டு. நானே என் வீட்டுக்காரரை 'ஏனுங்' என்று கூப்பிட்டு இருபத்தெட்டு வருடத்தை ஓட்டியவள், யாரைக் குறை சொல்ல? அதுவும் போக, எந்தப் பிள்ளை அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது? எனக்கு ஒரு புத்திசாலித்தனம் தோன்றியது. அட்மிஷன் பாரத்தில் இருந்த இருபத்துநாலு அப்பாக்களின் படங்களையும் எடுத்து, 'அப்பா' என்ற ஒரே சொல்லுக்குக் கீழே போட்டுவிட்டேன். அந்த வேகத்திலேயே தலைமை ஆசிரியை, நான் உட்பட எங்கள் பள்ளி ஆசிரியைகள் ஐந்து பேரின் படங்களையும் 'டீச்சர்' என்ற சொல்லுக்குக் கீழே சேர்த்தேன். ஒரு நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது என்று பெருமை வேறு.

அறக்கட்டளையிலிருந்து புதன்கிழமைதோறும் நஸ்ரின் வருவாள். திருச்சிப் பெண், இருபத்தாறு வயது. கண்ணாடிகளைத் துடைப்பது, கணக்கெடுப்பது, தலைமை ஆசிரியையிடம் திட்டு வாங்குவது எல்லாம் அவள் வேலை. ஸ்கூட்டர் விஷயம் நடந்த வாரம் வந்தபோது, மின்பலகையை என்னிடம் நீட்டினாள்.

"டீச்சர், மகிஷாதான் ஃபர்ஸ்ட்டு. இருநூத்திப் பன்னண்டு சொல்லுல இருநூத்திப் பதினொண்ணு எழுதிட்டா. ஒண்ணே ஒண்ணு மட்டும் மூணு திங்கட்கிழமையா காலியா விடறா. அதுவும் ரொம்ப சுலபமான சொல்லு."

பார்த்தேன். 'அப்பா'.

மகிஷாவைக் கூப்பிட்டு, கரும்பலகையில் எழுதிக் காட்டினேன்.

"இது என்ன, படி."

"அப்பா" என்றாள் உடனே.

"படிக்கத் தெரியுதுல்ல? அப்பறம் எழுதறதுக்கு என்ன நோவு? எழுது."

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். வீம்பாக வைக்கவில்லை. சூடான பாத்திரத்தை இறக்கி வைப்பதுபோல் பதமாக வைத்தாள்.

"எழுதுனா வந்துருவாரு டீச்சர்."

நஸ்ரின் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடி அவள் கையில் அப்படியே நின்றது. நான் மகிஷாவை அருகில் இழுத்துச் சட்டைக் கையை மேலே தூக்கினேன். ஏன் தூக்கினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இருபத்தேழு வருடம் பிள்ளைகளைப் பார்த்த கை, அது பாட்டுக்குத் தூக்கியது. தோளுக்குக் கீழே நாலு விரல் பதிந்த கன்றல். பழையதும் புதியதுமாக இரண்டு நிறத்தில்.

"யாரு கண்ணு அடிச்சது?"

"யாரும் அடிக்கல டீச்சர்."

"அப்பறம் இது?"

"தானா வலிக்கும். கொஞ்ச நேரம் வலிச்சுட்டுப் போயிரும்."

மறைக்கிற பிள்ளையை எனக்குத் தெரியும். கண்ணைத் தாழ்த்தும், காலைத் தேய்க்கும். இவள் என்னை நேராகப் பார்த்து, தனக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னாள்.

நஸ்ரினை ஸ்டாஃப் ரூமுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன்.

"வாசல்ல அன்னிக்கு அவ கண்ணாடியே போடலம்மா. கழட்டி வெச்சுட்டுத்தான் வந்தா. அப்படியும் ஒரு ஆளு அவ கண்ணுக்குத் தெரியலயே, அது எப்படி?"

அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"நம்ம மூக்கு எப்பவும் நம்ம கண்ணு முன்னாடியேதான் இருக்கு. நாம பாக்குறோமா டீச்சர்? கண்ணு பாக்குது. மூளை வேணாம்னு தள்ளிடுது. அந்தத் தள்ளுற பழக்கத்தை இந்தக் கண்ணாடி கத்துக்கொடுத்துடுது. பெரியவங்களுக்குப் படியாது. ஆறு வயசுல படிஞ்சுடுது. காதுக்கும் அப்படித்தான், அந்த ஆளோட குரலும் கேக்காது."

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். 'தற்காலிகம், எழுதினால் சரியாகிவிடும்'னு ரிப்போர்ட்ல இருக்கு. எழுதினா சரியாத்தான் ஆகுது. எழுதப் பிடிக்காத பிள்ளை ஒண்ணு இருக்கும்னு யாரும் யோசிக்கல."

"கண்ணாடியைப் பிடுங்கிட்டா?"

"வேற ஊரு ஸ்கூல்ல ஒரு பையன்கிட்ட பிடுங்கினோம். நாலு மாசமாச்சு, அவனுக்கு இன்னும் நாய் தெரியல. மறுபடி மாட்டி எழுத வெச்சாத்தான் வரும்."

மகிஷாவுக்குக் காவியாவின் அப்பா ஏன் தெரியவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபத்துநாலு படங்களையும் ஒரே சொல்லில் போட்டவள் நான். அந்தப் பிள்ளைக்கு ஊரில் ஒரு அப்பாகூட மிச்சமில்லை.

மறுநாள் மதிய இடைவேளையில் பூங்கொடியை வரச் சொன்னேன். கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்க ஓடி வந்தார். விஷயத்தை நான் பாதி சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த அதிர்ச்சி இல்லை.

"தெரியுமுங் டீச்சர். மூணு வாரமா அவரு எதுக்க வந்தாலும் சுவத்தப் பாக்கற மாதிரிதான் பாக்கறா. கூப்புட்டாக் காதுல வாங்கறதில்ல. அவருக்கு அது திமிராத் தெரியுது. முந்தி ஒரு அடின்னா இப்ப ரெண்டு."

"நீங்க சும்மாவா இருந்தீங்க?"

"முந்தியெல்லாம் அவரு வண்டிச் சத்தம் கேட்டாலே கட்டலுக்கு அடியில போயிருவாளுங். ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் அங்கயே கெடப்பா. ஒண்ணுக்குப் போயிருவா. இப்ப நடு வூட்டுல உக்காந்து வெளையாடறா, பாட்டுப் பாடறா. அடி விழுகற வரைக்கும் சிரிச்சிட்டு இருக்கறா." அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அதப் பாக்கறதா டீச்சர் நல்லது, இதப் பாக்கறதா?"

புகார் கொடுக்கலாம் என்றேன். தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"பெரியவங்க போடற மாதிரி அந்தக் கண்ணாடி இருக்குங்களா டீச்சர்?"

இல்லை என்றேன். மணி அடித்துவிட்டது, ஓடிவிட்டார்.

அந்தக் கேள்விதான் என்னைப் போன் எடுக்க வைத்தது. வெள்ளிக்கிழமை காலை குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் எஸ்தர் வந்தார். நிதானமான பெண். மகிஷாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, பிஸ்கட் கொடுத்து, அரை மணி நேரம் பேசினார். யார் அடித்தார்கள் என்று ஏழு விதமாகக் கேட்டார். ஏழு தடவையும் "யாரும் இல்ல" என்றே பதில் வந்தது.

"கன்றல் இருக்கு, டாக்டர்கிட்ட எழுதி வாங்கிடலாம்" என்றார் எஸ்தர் என்னிடம். "ஆனா அம்மா வாயத் திறக்க மாட்டேங்கறாங்க. பிள்ளை யாரும் அடிக்கலங்குது. இத வெச்சு நான் பிள்ளையை வேணா ஹோமுக்குக் கூட்டிட்டுப் போகலாம். அந்த ஆள வீட்ட விட்டு வெளிய அனுப்பணும்னா பிள்ளை ஒரு வார்த்தை சொல்லணும் டீச்சர். கையையாவது காட்டணும்."

"அவளுக்கு அந்த ஆளே தெரியலைங்க."

"தெரிய வைங்க. அவரை நாலு மணிக்கு ஸ்கூலுக்கு வரச் சொல்லிப் போன் பண்ணிட்டேன். நானும் இருப்பேன், ஒரு லேடி கான்ஸ்டபிளும் வருவாங்க. பயப்படாதீங்க."

மூன்று மணிக்கு மகிஷாவைத் தனியாக உட்கார வைத்துக் கண்ணாடியை மாட்டிவிட்டேன். மின்பலகையை மடியில் வைத்தேன். அவள் பேனாவைத் தொடவில்லை.

"எழுது தங்கம்."

"எழுதுனா வந்துருவாரா டீச்சர்?"

"வரமாட்டாரு கண்ணு."

"நெசமா?"

"நெசமா. நான் இங்கதான இருக்கறேன். நீ தைரியமா எழுது."

அவர் நாலு மணிக்கு வருவார் என்று தெரிந்தே சொன்னேன். இப்படிச் சொல்லாமல் அவளிடம் அந்தச் சொல்லை வாங்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. எல்லாப் பெரியவர்களும் ஊசி போடும்போது சொல்கிற பொய்தான் அது. அப்படித்தான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மகிஷா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுதினாள். அச்சடித்த மாதிரி கையெழுத்து அவளுக்கு. காதில் அந்த ஏப்பச் சத்தம் கேட்டிருக்க வேண்டும், ஒரு தடவை உடம்பு தூக்கிப்போட்டது.

நாலு மணிக்கு மகிஷாவின் அப்பா குப்புராஜ் வந்தார். சாயப்பட்டறை வேலை, ஆனாலும் குளித்து, தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். "வணக்கமுங் டீச்சர், பாப்பா ஏதாச்சும் சேட்டை பண்ணிட்டாளுங்களா?" என்று சிரித்தார். ரோட்டில் பார்த்தால் ஒதுங்கி வழிவிடுகிற மாதிரி ஒரு சாதாரண மனிதர்.

வராந்தாவில் நின்ற மகிஷா குரலைக் கேட்டாள். அவரைப் பார்க்கவில்லை. முதலில் என்னைத்தான் பார்த்தாள்.

அந்தப் பார்வையில் அழுகை இல்லை, கோபம்கூட இல்லை. என்னைப் புதிதாகத் தெரிந்துகொண்டாள், அவ்வளவுதான். அடுத்த நொடி வகுப்புக்குள் ஓடிப் பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொண்டாள். எஸ்தர் தரையில் முட்டி போட்டுக் குனிந்து, "உன் கையைப் புடிச்சு முறுக்குனது யாரு கண்ணு?" என்று கேட்டார். பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீண்டு, வாசலில் நின்ற வெள்ளைச் சட்டையைக் காட்டியது. கீழே ஈரம் பரவிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நல்லபடியாகவே நடந்தது. ஸ்டேஷனில் கணவர் பேரைக் கேட்டபோது பூங்கொடி வாயைத் திறக்காமல் அவருடைய ஆதார் அட்டையை நீட்டினாராம். ஆனால் நீட்டிவிட்டார். குப்புராஜ் பிள்ளை பக்கம் வரக்கூடாது என்று உத்தரவாயிற்று. தாயும் மகளும் கம்பெனி விடுதிக்குப் போனார்கள்.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகப் பிள்ளைகள் சொற்களை எழுதினார்கள். அந்த நேரம் தலைமை ஆசிரியை என்னைத் தன் அறையில் உட்கார வைத்து, போலீஸைப் பள்ளிக்குள் விட்டதற்காகக் காய்ச்சிக்கொண்டிருந்தார். நான் வகுப்புக்குள் நுழைந்ததும் எல்லாரும் எழுந்து, "வணக்கம் டீச்சர்" என்று இழுத்தார்கள். மகிஷா உட்கார்ந்தே இருந்தாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் காவியாவின் பாவாடையை இழுத்தாள்.

"எதுக்குடி எல்லாரும் எந்திரிச்சு நிக்கறீங்க?"

கோபமாக இருக்கிறாள், நியாயம்தான் என்று நினைத்தேன். அருகில் போய் அவள் பேரைச் சொன்னேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அந்த ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றபோதும்.

புதன்கிழமை நஸ்ரின் மின்பலகையைத் திருப்பிக் காட்டினாள். இருநூற்றுப் பன்னிரண்டில் இருநூற்றுப் பதினொன்று. 'அப்பா' இருந்தது. காலியாக இருந்தது 'டீச்சர்'.

வலித்தது. நன்றாகவே வலித்தது. என் சொந்தப் பிள்ளைகள் கல்யாணம் முடிந்து போனபோதுகூட அப்படி வலிக்கவில்லை.

"எழுத வெச்சுடலாம் டீச்சர்" என்றாள் நஸ்ரின். "காவியாவை விட்டுச் சொல்லச் சொல்லலாம். இல்ல, அவங்க அம்மாவ விட்டு."

"என்னன்னு சொல்ல? டீச்சர் இனிமே பொய் சொல்ல மாட்டாங்கன்னா?"

அவள் மின்பலகையை அணைத்து மேசைமேல் வைத்தாள்.

"விடும்மா. எழுத வேணாங்கறது ஒண்ணுதான் அவ கையில இருக்கு, அதையும் நாம பிடுங்கணுமா? என்னையப் பாக்காம இருந்தா அவளுக்கு அடி விழுகாது."

"அப்படின்னா இது எங்க மேலிடத்துக்குத் தெரியக்கூடாது" என்றாள் நஸ்ரின். "ஒரு மாசத்துக்கு மேல ஒரு சொல் பாக்கி இருந்தா, புதுசா ஒரு முறை வெச்சிருக்காங்க. பிள்ளைக்கு ரொம்பப் பிடிச்ச சொல்லாப் பாத்து, ஒண்ணொண்ணா விழுங்கானுக்குக் கொடுப்பாங்க. பாக்கிய எழுதற வரைக்கும் அது திரும்ப வராது."

"பிடிச்ச சொல்லுன்னா?"

"மகிஷாவுக்கு? அம்மாதான்."

அன்றைக்கே மகிஷாவின் கண்ணாடியை வாங்கி என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். நஸ்ரின் அறிக்கையில் இருநூற்றுப் பன்னிரண்டும் முடிந்ததாகப் போட்டாள். அந்தப் பெண்ணுக்கு அதற்கு மேல் செய்ய முடியாது, வெளியே தெரிந்தால் செய்த அளவுக்கே வேலை போய்விடும்.

அதன் பிறகு மகிஷாவுக்கு நான் பாடம் நடத்தியது காவியாவின் வாய் வழியாக. நான் சொல்வதைக் காவியா அவளுக்குச் சொல்வாள். தலைமை ஆசிரியை பிரேயரில் பேசும்போது மற்ற பிள்ளைகள் அமைதியாக நிற்பார்கள், மகிஷா மட்டும் வரிசையில் நின்று தனக்குத்தானே கதை சொல்லிக்கொண்டிருப்பாள். அவளைப் பொறுத்தவரை அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தாங்களாகவே வருகிறார்கள், தாங்களாகவே எழுந்து நிற்கிறார்கள், மணி தானாக அடிக்கிறது. பயமாக இல்லையா என்று காவியாவை விட்டுக் கேட்டேன். பழகிவிட்டது என்றாளாம். பூங்கொடி ஒரு நாள் வாசலில் என்னைப் பார்த்து, "புள்ள ராத்திரி எந்திரிக்காமத் தூங்குதுங் டீச்சர்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். மகள் பக்கத்திலேயே நின்று, அம்மா யார் கையைப் பிடித்திருக்கிறார் என்று தேடிக்கொண்டிருந்தாள்.

நவம்பரில் மேலதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். கூடவே அறக்கட்டளையின் இயக்குநர், கதர் ஜிப்பா, மணக்க மணக்க அத்தர். பட்டியலைப் பார்த்து, முதலிடத்தில் இருந்த பிள்ளையைக் கூப்பிட்டார்கள். மகிஷா முன்னால் வந்து நின்றாள். யாரும் இதுவரை பார்க்காத ஒரு புதுக் கதைப்புத்தகத்தைக் கொடுத்தார் அதிகாரி. அவள் பிரித்துப் படித்தாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, கேள்வி வந்த இடத்தில் குரலைத் தூக்கி, குருவி பேசும்போது குருவியாகவும் யானை பேசும்போது யானையாகவும் படித்தாள். இருபத்தேழு வருடத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அப்படிப் படித்து நான் கேட்டதில்லை. என் கண் நிறைந்துவிட்டது.

அதிகாரி அசந்துபோனார். "பிரமாதம்டா கண்ணு! உங்க டீச்சர் யாரு? காட்டு பாக்கலாம்."

மகிஷா வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தாள். நான் அவளிடமிருந்து இரண்டு முழம் தள்ளித்தான் நின்றிருந்தேன்.

"எங்க ஸ்கூல்ல டீச்சரே இல்லீங்களே" என்றாள்.

வகுப்பில் ஒரு பிள்ளை கிளுக்கென்று சிரித்தது. இயக்குநர் கை தட்டினார்.

"கேட்டீங்களா சார்? பிள்ளை வாயாலேயே வந்துடுச்சு! இதத்தான் சார் நான் அந்த ஃபைல்ல கேட்டிருக்கேன். அடுத்த ஜூன்ல நானூறு ஸ்கூல். ஒண்ணாங் கிளாசுக்கு டீச்சரே வேண்டாம். கண்ணாடி போதும், மேற்பார்வைக்கு ஒரு ஆயா போதும்."

அதிகாரி லேசில் நம்புகிறவர் இல்லை. என் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா, பிள்ளை இப்படிச் சொல்லுது? நீங்கதான க்ளாஸ் டீச்சர்? ஏன் உங்களத் தெரியாதுங்குது?"

நஸ்ரின் கதவோரம் வெளிறிப்போய் நின்றாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். கண்ணாடி என்ன செய்கிறது என்று அந்த இடத்திலேயே எல்லாரும் தெரிந்துகொள்வார்கள். சொன்னால் மகிஷாவைச் சரிசெய்கிறோம் என்று கூட்டிக்கொண்டு போய், பீரோவில் இருக்கும் அந்தக் கண்ணாடியை மறுபடி மாட்டுவார்கள். விடுதி அறையில் இரவு ஒரு பிள்ளை விழித்துப் பார்க்கும்போது பக்கத்துப் பாய் காலியாக இருக்கும். நானூறு பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு பக்கம், இந்தப் பிள்ளையின் அம்மா ஒரு பக்கம். நான் செய்ததைச் சரி என்று சொல்ல வரவில்லை. அந்தப் பிள்ளைகளின் முகம் எனக்குத் தெரியாது, இவள் முகம் தெரியும்.

"அவ சொல்றது சரிதானுங் சார்" என்றேன். "நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலைங்க. புள்ளைங்களே படிச்சுக்கிட்டாங்க."

அதிகாரி பேனாவைத் திறந்து நோட்டில் எழுதிக்கொண்டார். பிள்ளையை இடத்துக்குப் போகச் சொன்னார்.

புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மகிஷா திரும்பி நடந்து வந்தாள். அவள் வரும் வழியில்தான் நான் நின்றிருந்தேன். இடித்தால் பயந்துவிடுவாள் என்று சட்டென்று ஒதுங்கிக்கொண்டேன்.